மஹ்ஜபீனின் ஏழு சுவர்கள்

மஹ்ஜபீனின் வலது கை, மணிக்கட்டுக்குக் கீழே, சொன்ன பேச்சைக் கேட்காமல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் சுகுமாறன் கிள்ளானிலிருந்த அவள் பட்டறைக்கு வந்தார். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலுக்குத் தட்டும் கிண்ணமும் வாங்கும் பொறுப்பு அவருடையது. ஆறு வருடமாக அவள் செய்த கிண்ணங்களைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கிண்ணங்கள் பேர்போனவை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல்களின் நிழல் தெரியும், அவ்வளவு மெல்லியவை. சக்கரத்தில் சுழலும் மண்ணை உள்ளும் புறமுமாக விரல்நுனிகளுக்கு நடுவே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே இழுப்பாள். பிறகு ஒரு நாள் காலை, ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒரு லோரி அவள் வேனை இடித்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. தோளிலிருந்து முன்கை வரை பலம் இருந்தது. மணிக்கட்டு தொங்கியது, விரல்கள் மடங்கவில்லை.

சுகுமாறன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"உங்க டிசைன வச்சு மோல்ட் எடுத்துடலாம். ஃபேக்டரில ஊத்திக் குடுத்துடுவாங்க. அடியில உங்க பேரு இருக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும், ஈஸி லா."

"எந்தக் கையால?" என்று மஹ்ஜபீன் கேட்டாள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"தெரியும். கிண்ணத்துக்குள்ள என் விரல் ஓடின கோடு இருக்கும். அது இல்லாத கிண்ணத்துக்கு என் பேரு எதுக்கு? வேற பேரு வச்சுக்கச் சொல்லுங்க."

அவர் போன பிறகு, பட்டறையின் மறுபக்கத்தில் சக்கரத்தை நிறுத்திவிட்டு லோகேஸ்வரி எழுந்து வந்தாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது; மஹ்ஜபீனைவிடப் பன்னிரண்டு வருடம் மூத்தவள். இருவரும் பட்டறை இருந்த பழைய கடைவீட்டையும் பின்கட்டிலிருந்த கேஸ் சூளையையும் பங்குபோட்டு நடத்தினார்கள். லோகேஸ்வரி செய்வது தம்ளர், தட்டு, மூடிபோட்ட சாடி. எல்லாம் உணவகங்களுக்குப் போகும். ஒரே நாளில் ஒரே அளவில் நாற்பது தம்ளர் இழுப்பாள். அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் நூலளவு பிசகாது. கலை என்று யாராவது சொன்னால், "டீ குடிக்க வாட்டமா இருக்கா, அத மொதல்ல சொல்லு" என்பாள்.

"வந்தவர இப்படியா விரட்டுவே?"

"விரட்டல லோகாக்கா. வேணாம்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். உன் வாயில அது அப்படித்தான் வருது."

பட்டறையில் மூன்றாவது ஆள் முகுந்தன். பொறியியல் படித்தவன், இருபத்தொன்பது வயது. சுபாங் ஜெயாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, களிமண்ணை மெல்லிய திரியாகப் பிழிந்து அடுக்கடுக்காக ஏற்றும் ஒரு இயந்திரத்தோடு வந்து சேர்ந்தவன். கணினியில் அவன் வரையும் வடிவம் கண்ணெதிரே மண்ணாக எழும்பும். கடல்பாசி போலவும் எறும்புப் புற்று போலவும், எந்தக் கையாலும் செய்ய முடியாத உருவங்கள். லோகேஸ்வரி அந்த இயந்திரத்துக்கு இடியாப்ப மெஷின் என்று பெயர் வைத்திருந்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவனும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டான்.

சுகுமாறன் வந்துபோன வாரத்தில் முகுந்தன் மஹ்ஜபீனின் பழைய கிண்ணம் ஒன்றை எடுத்து, அளவெடுத்து, இயந்திரத்தில் அதேபோல் ஒன்றை ஏற்றிக் காட்டினான்.

"பாருங்கக்கா. உங்க கர்வ் அப்படியே வந்துருக்கு. இன்னும் மெல்லிசாவும் பண்ணலாம். ஃபேக்டரி வேணாம், நம்மளே பண்ணலாம்."

அவள் அந்த ஈரக் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு இடது கையால் அதை மெதுவாக அழுத்தி, உருண்டையாக்கி, மேசைமேல் வைத்தாள்.

"நல்லா பண்ணியிருக்க முகுந்தா. ஆனா இது நான் ஏற்கெனவே செஞ்சு முடிச்ச கிண்ணம். அத மறுபடி செய்ய எனக்கு ஆசை இல்ல."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல. தெரிஞ்சா சொல்றேன்."

அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இடது கையால் மட்டும் சக்கரத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாள். மண் நடுவில் நிற்காமல் தள்ளாடி விழுந்தது. திரி உருட்டி அடுக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை செய்ததுபோல் வந்தது. ஒரு மத்தியானம் அதையும் சிதைத்துவிட்டு, எஞ்சிய மண்ணை மேசையில் குவித்து, எரிச்சலில் வலது முன்கையை அதன்மேல் ஊன்றி முழு உடம்பின் பாரத்தையும் இறக்கினாள். கையை எடுத்தபோது மண்ணில் ஒரு நீண்ட பள்ளம் இருந்தது. ஒரு முனையில் முழங்கையின் குழி. மறுமுனையில் தொங்கும் மணிக்கட்டு இழுத்துச் சென்ற ஒரு வளைவு. அப்படி ஒரு கோட்டை அவள் விரல்கள் நன்றாக இருந்த காலத்தில் ஒருபோதும் போட்டதில்லை. விரல்கள் அதை விட்டிருக்காது, உடனே திருத்தியிருக்கும்.

மறுநாள் முதல் அவள் சுவர் கட்ட ஆரம்பித்தாள்.

தரையில் பலகை போட்டு, அதன்மேல் மண் உருண்டைகளை வரிசையாக வைத்து, ஒருபக்கம் இடது உள்ளங்கையாலும் மறுபக்கம் வலது முன்கையாலும் நெருக்கி அழுத்துவாள். ஒரு வரிசை இறுகியதும் அதன்மேல் அடுத்தது. தானாக நிற்கும்படி கொஞ்சம் வளைந்து, இடுப்புயரத்துக்கு எழும்பும் சுவர். ஒரு பக்கம் முழுக்க உள்ளங்கைத் தடம். மறுபக்கம் முன்கையின் பள்ளங்கள், அலை ஒதுங்கிய மணல்போல. வாங்கிய வெள்ளை மண் அதற்குத் தோதாக இல்லை என்று, கடலோரத்துக் கேரி தீவுக்குப் போய் எஸ்டேட் வாய்க்கால் ஓரத்துக் கருஞ்சேற்றை வாளி வாளியாக எடுத்து வந்தாள்.

"அது உப்பு மண்ணுடீ," என்றாள் லோகேஸ்வரி. "சுட்டா வெள்ளையா பூத்துப் போயிரும். ஒண்ணுக்கும் ஆகாது."

"பூக்கட்டும்."

"சுவரு தடிமனா வேற இருக்கு. நல்லா காய வை."

மஹ்ஜபீன் பத்து நாள்தான் காயவைத்தாள். பொறுமை அவளிடம் எப்போதும் கொஞ்சம் குறைவு. முதல் சுவரைச் சூளையில் வைத்த அன்று, மேல்தட்டுகளில் லோகேஸ்வரியின் நாற்பது தம்ளர்கள், பூச்சு பூசுவதற்கு முந்தின முதல் சூட்டுக்காக அடுக்கப்பட்டிருந்தன. இரண்டு மணி நேரம் கழித்துச் சூளைக்குள் பட்டாசு வெடிப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக.

தடித்த சுவருக்குள் மிச்சமிருந்த ஈரம் ஆவியாகி, வழி கிடைக்காமல் சுவரைப் பிளந்துவிட்டது. சூளை எரிந்து முடிந்து, சூடு ஆறும்வரை காத்திருந்து மறுநாள் கதவைத் திறந்தபோது, உள்ளே தம்ளர் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஓடு. செந்தூலில் ஒரு புது உணவகம் அந்த வெள்ளிக்கிழமை திறப்பதற்காகச் சொல்லிவைத்தவை அவை.

லோகேஸ்வரி கத்தவில்லை. அதுதான் மஹ்ஜபீனுக்குத் தாங்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். நான்கு நாள் வரவே இல்லை.

அந்த நான்கு நாளும் மஹ்ஜபீன் அடுத்த சுவரைத் தொடவில்லை. செந்தூல் உணவகத்துக்குத் தானே போய், தவறு தன்னுடையது என்று சொல்லி ஒரு வாரம் அவகாசம் வாங்கினாள். லோகேஸ்வரிக்கு வேண்டிய மண்ணை இடது கையாலும் முழங்கையாலும் பிசைந்து, நாற்பது உருண்டைகளை ஒரே எடையில் நிறுத்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தாள்.

ஐந்தாம் நாள் லோகேஸ்வரி வந்தாள். உருண்டைகளைப் பார்த்தாள். உடைந்த ஓடுகள் கிடந்த தகர டின்னை இழுத்து வந்து மஹ்ஜபீன் முன்னால் வைத்தாள். அதற்குமேல் ஒரு சுத்தியலை வைத்தாள்.

"இத நொறுக்கித் தூளாக்கி உன் மண்ணுல கல. சுட்ட தூளு உள்ள இருந்தா ஈரம் வெளியேற வழி இருக்கும், வெடிக்காது. அப்புறம் ஒரு மாசம் காயணும். ஒரு மாசம்னா ஒரு மாசம்."

"லோகாக்கா, நான்..."

"சாரி சொல்லாத. இன்னும் கோவமாத்தான் இருக்கேன். நொறுக்கு."

அடுத்த ஆறு மாதத்தில் ஏழு சுவர்கள் உருவாயின. ஒன்றுகூட வெடிக்கவில்லை. கருஞ்சேறு சூளையில் செங்காவியாக மாறி, அதன்மேல் உப்பு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. முன்கைப் பள்ளங்களில் அந்த வெள்ளை தேங்கி நின்றது. லோகேஸ்வரி ஏழாவது சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல டீ குடிக்க முடியாது," என்றாள். பிறகு, "ஆனா இருக்கட்டும்," என்றாள்.

அந்த நேரத்தில்தான் திருச்செல்வம் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டைச் சீராக்கி ஓவியக்கூடம் நடத்துபவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், இதமாகப் பேசுவார். மண்ணில் வேலை செய்யும் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு கண்காட்சி போடப்போவதாகச் சொன்னார். மூன்று பேரையுமே அழைத்தார். லோகேஸ்வரி முதலில், "என் தம்ளரக் கண்ணாடிக்குள்ள வச்சா யாரு தொடுவா?" என்று மறுத்தாள். தொடலாம், எடுத்துக் குடிக்கவும் செய்யலாம் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு சம்மதித்தாள். முகுந்தனுக்கு அது முதல் கண்காட்சி. அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை மஹ்ஜபீன் வெளிச்சம் சரிபார்க்கப் போனாள். ஏழு சுவர்களும் கூடத்தின் நடுவே அவள் சொன்னபடியே நின்றன. அவற்றுக்குப் பின்னால், முழுச் சுவரையும் அடைத்துக்கொண்டு, ஒரு புகைப்படம் தொங்கியது. கறுப்பு வெள்ளை. ஓர் ஆள் உயரம். அவளுடைய வலது கை. தொங்கும் மணிக்கட்டு, மெலிந்துபோன விரல்கள், நகக்கண்ணில் மண்.

பக்கத்தில் மூன்று மொழிகளில் ஒரு பலகை. தமிழில் இப்படித் தொடங்கியது: 'கொடூர விபத்தில் கையின் செயல்பாட்டை இழந்தும் தன்னம்பிக்கையை இழக்காத பெண்மணி...'

அவள் முழுவதையும் படித்தாள். பிறகு கூடத்தைச் சுற்றி நடந்து மற்ற எல்லோருடைய பலகைகளையும் படித்தாள். லோகேஸ்வரியின் பலகையில் என்ன மண், என்ன பூச்சு, எத்தனை டிகிரி என்று இருந்தது. முகுந்தனுடையதில் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பத்தி. ஈப்போவிலிருந்து வந்த ஒருவருடையதில், சாம்பலை எப்படிப் பூச்சாக மாற்றினார் என்று விளக்கம்.

திருச்செல்வம் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்படி இருக்கு? நேத்து ஒரு ஸ்பான்சர் வந்து பாத்துட்டு அழுதுட்டாங்க."

"எதப் பாத்து அழுதாங்க?"

"போட்டோவப் பாத்துத்தான்."

"சுவரப் பாத்தாங்களா?"

அவர் கண் மறுபடி புகைப்படத்துக்கே போனது. அதுவே அவளுக்குப் பதிலாக இருந்தது.

"மிஸ்டர் திருச்செல்வம், இங்க எல்லாரோட போர்டுலயும் மண்ணப் பத்தி எழுதியிருக்கு. என்னோட போர்டுல மட்டும் டாக்டர் ரிப்போர்ட் எழுதியிருக்கு. அதையும் போட்டோவையும் எடுத்துடுங்க."

"உங்க கதை ஒரு இன்ஸ்பிரேஷன் லா, மஹ்ஜபீன். ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்."

"நான் யாருக்கும் நம்பிக்கை குடுக்கறதுக்காக இதச் செய்யல. என் சுவரு மோசமா இருந்தா மோசம்னு சொல்லட்டும். பாவம்னு சொல்லக் கூடாது."

"எல்லாம் பிரிண்ட் ஆயிடுச்சு. பேப்பர்காரங்களுக்கு அனுப்பியாச்சு. நாளைக்கு ஒரு நாள் இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"போர்டு இருந்தா சுவரு இருக்காது."

திருச்செல்வம் சுவர்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். உள்ளே கொண்டுவர நான்கு ஆட்களும் ஒரு லோரியும் தேவைப்பட்டிருந்தது. "எப்படி எடுத்துட்டுப் போவீங்க?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார்.

மஹ்ஜபீன் கூடத்தின் பின்னாலிருந்த தள்ளுவண்டியைக் காலால் நெம்பி இழுத்து வந்தாள். முதல் சுவரின் அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினாள். முன்கையை அந்தச் சுவரிலிருந்த பள்ளத்திலேயே பொருத்தி, தோளைக் கொடுத்துச் சாய்த்தாள். சுவர் வண்டியில் ஏறியது.

முகுந்தன் தன் பொருள்களுக்குப் பக்கத்தில் விறைத்து நின்றிருந்தான். அந்தப் புகைப்படத்தை எடுத்தது அவன்தான். அவள் வேலை செய்யும்போது, அவளைக் கேட்டுத்தான், எடுத்தான். திருச்செல்வம் பிரசுரத்துக்கு என்று கேட்டபோது அனுப்பிவிட்டான்.

"அக்கா, இப்படிப் பெரிசாக்கித் தொங்கவிடுவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அனுப்பறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"தப்புதான்." அவன் தன் பொருள்களைத் திரும்பிப் பார்த்தான். "நானும் என்னோடத எடுத்துடவா?"

"வேணாம். உன் போர்டுல உன் வேலையப் பத்தித்தான எழுதியிருக்கு? நீ எதுக்குப் போற? நில்லு. நல்லா நில்லு."

லோகேஸ்வரியை யாரும் கேட்கவில்லை. அவள் தன் தம்ளர்களை அப்படியே விட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் மறுபக்கம் வந்து நின்றாள். "வாசப்படில பாத்து எறக்கு, ஒரு பக்கம் தாழ இருக்கு," என்றாள்.

லோரி வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதனால் மஹ்ஜபீன் சுவர்களை வாசலுக்கு வெளியே, கடைகளின் முன்னே கூரைபோட்ட நடைபாதையில், யாருக்கும் வழி மறிக்காமல் தூணோரமாக நிறுத்தினாள். மத்தியானத்துக்குள் நான்கு சுவர்கள் வெளியே வந்துவிட்டன. பக்கத்துப் பூக்கடைக்காரர் இரண்டைத் தள்ளிவிட உதவினார். ஐந்தாவதைச் சாய்க்கும்போது அவள் தோள் பிடித்துக்கொண்டது. வலியில் கண் இருண்டது. லோகேஸ்வரி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"போதும். மூணு உள்ளயே கெடக்கட்டும்."

"நாளைக்கு எடுக்கறேன்."

"சரி, நாளைக்கு. இப்ப தண்ணி குடி."

மறுநாளும் தோள் வலி விடவில்லை; மூன்று சுவர்களும் உள்ளேயே இருக்க, மாலையில் விழா நடந்தது. உள்ளே ஆட்கள் மூன்று சுவர்களையும் ஒரு கையின் படத்தையும் பார்த்தார்கள். வெளியே, மழை பிடித்துக்கொண்டதால், நடைபாதையில் கூட்டம் ஒதுங்கியது. மோனோரயிலில் இருந்து இறங்கி வந்த ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு சுவரில் சாய்ந்தார். அவர் இடுப்பின் பின்புறம் பள்ளத்தில் சரியாகப் பொருந்தியது. திரும்பிப் பார்த்து, தடவிப் பார்த்து, மறுபடி சாய்ந்தார். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் முழங்கைக் குழிக்குள் கை வைத்தாள். குழந்தையும் வைத்தது. சாரல் பட்ட இடத்தில் செங்காவி இருண்டு, உப்பின் வெள்ளை மங்கி, காயக் காயத் திரும்பி வந்தது.

"இது என்ன, புதுசா கட்றாங்களா?" என்று ஒரு டாக்சிக்காரர் கேட்டார்.

"இல்லண்ணே. நான் செஞ்சது," என்றாள் மஹ்ஜபீன்.

"எதுக்கு?"

"சும்மா நிக்கறதுக்கு."

அவர் சுற்றிவந்து பார்த்தார். "இந்தப் பக்கம் நல்லாருக்கு. அந்தப் பக்கம் கொஞ்சம் சரியா வரல," என்று உள்ளங்கைத் தடம் இருந்த பக்கத்தைக் காட்டினார். மஹ்ஜபீன் வாய்விட்டுச் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் வேலையைப் பற்றி முகத்துக்கு நேரே குறை சொன்ன முதல் வெளியாள் அவர்தான்.

உள்ளேயிருந்து வந்தவர்களில் சிலர் வெளியிலும் நின்றார்கள். ஒரு பெண் மஹ்ஜபீனின் கையைப் பார்த்துவிட்டுக் கண்கலங்கத் தொடங்கினாள். "அழுறதுன்னா உள்ள போட்டோ இருக்கு ஆன்டி," என்றாள் மஹ்ஜபீன். "இங்க சுவரு இருக்கு. தொட்டுப் பாருங்க." அந்தப் பெண் திகைத்தாள், கொஞ்சம் கோபப்பட்டாள், பிறகு தொட்டாள்.

மூன்றாம் நாள் காலை அவள் மீதிச் சுவர்களை எடுக்கத் தள்ளுவண்டியோடு போனபோது புகைப்படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பலகை மட்டும் சிறிதாகி, புதிதாக அச்சடிக்கப்பட்டிருந்தது. திருச்செல்வம் எதிரே வரவில்லை, அறைக்குள்ளேயே இருந்தார். புதுப் பலகையில் கேரி தீவுச் சேறு, சுட்ட மண் தூள், ஆயிரத்து நூறு டிகிரி என்று இருந்தது. கடைசி வரியில் 'தன்னம்பிக்கையின் சின்னம்' என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மஹ்ஜபீன் பையிலிருந்து மண் சீவும் கத்தியை எடுத்து, இடது கையால், அந்த வரியைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தாள். அதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. பிறகு திருச்செல்வத்தின் அறைக் கதவைத் தட்டி, "இப்ப சரி. மூணும் இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

"வெளிய இருக்கற நாலையும் உள்ள கொண்டாந்துடலாமே," என்றார் அவர்.

"வேணாம். அதுக்கு அங்க வேலை இருக்கு."

அவர் அதன்பிறகு அவளை எந்தக் கண்காட்சிக்கும் அழைக்கவில்லை. ஒரு பத்திரிகையில் முகுந்தனின் எறும்புப் புற்றுகளைப் பற்றி அரைப்பக்கம் வந்தது. அவனைவிட லோகேஸ்வரிதான் அதை அதிகம் பேரிடம் காட்டினாள். மஹ்ஜபீனைப் பற்றி ஒரு வரி, அதிலும் பெயரில் எழுத்துப் பிழை.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சுவர் ஆளுயரத்துக்கு வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் அதன் அளவைக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இது சூளைக்குள்ள நுழையாதே."

"நுழையாது."

"அப்ப?"

"சூளைய இடிச்சுப் பெரிசாக் கட்டணும்."

லோகேஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை முறைத்தாள். அப்புறம் பின்கட்டுக்குப் போய்ச் சூளையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். திரும்பி வந்து முகுந்தனைக் கூப்பிட்டு, அளவு நாடாவைக் கொண்டுவரச் சொன்னாள்.